சிமெண்ட் பூசினால் ஓதம் போகுமா? மதிலோர வீடுகளில் நான் கண்டது

பழைய வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டால் பையிலிருந்து நான் முதலில் எடுப்பது ஒரு ஸ்க்ரூ டிரைவர். உத்தரத்தின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் நுழையும் முனையைத்தான் குத்திப் பார்க்க வேண்டும். பிரான்சின் மேற்குக் கரையில், கோட்டை மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வீட்டில் அப்படிக் குத்தினேன். ஊறின அவலில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "இரண்டு வருஷம் முன்னால்தானே கீழ்ச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினோம்?" என்றார்.

அந்தப் பூச்சில்தான் கோளாறே.

அந்தக் காலத்துக் கருங்கல் சுவர் 60, 70 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். இரு பக்கமும் கல். நடுவில் உடைகல், மண், சுண்ணாம்பு. இது என்றைக்குமே முழுதாகக் காய்ந்த சுவர் அல்ல. அடியிலிருந்து ஓதம் ஏறும், கடல்காற்று மழையைக் கொண்டுவந்து அறையும். ஏறின ஈரம் கல் இணைப்புகளில் உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாக ஆவியாகிவிடும். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. சிமெண்ட் பூசினால் வரவு நிற்காது, செலவு மட்டும் நின்றுவிடும். அடைபட்ட ஈரம் மேலே மேலே ஏறி, கடைசியில் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்து, கல்லின் முகத்தையே பொரிய வைத்து உதிர்க்கும்.

மதிலோர வீட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெரும்பாலான கோட்டை மதில்கள் வெறும் சுவர் அல்ல. இரண்டு கல்சுவருக்கு நடுவே மண் நிரப்பியவை. மண்ணில் இறங்கும் மழைநீர் வடிவதற்கென்றே கட்டியவர்கள் அடியில் துளைகள் விட்டிருப்பார்கள். இங்கே யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் துளைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்.

உத்தர முனையைச் சுற்றித் துரு நிறத்தில் மெல்லிய தூள். அலமாரியைத் திறந்ததும் காளான் வாசனை. பிரெஞ்சில் 'மெருல்' என்பார்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சை. மரத்தோடு அது நிற்காது, நூல்போல் இழைவிட்டுக் கல்சுவரையும் தாண்டி அடுத்த மரத்துக்குப் போகும். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் விடுமுறை வீடுகள் அதற்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்சில் 2014-ல் வந்த சட்டப்படி, இதைக் கண்டவுடன் வீட்டில் இருப்பவர் நகராட்சியில் தெரிவித்தாக வேண்டும். மறைத்து வைத்து விற்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நல்ல நிலையில் நிற்கும் மதிலோர வீட்டைப் பார்க்க ஆசையென்றால் பிரான்சின் வடமேற்குக் கரையில் இருக்கும் மதில் சூழ்ந்த ஊரான சான்-மாலோவுக்குப் போங்கள். மதில் மேலேயே நகரைச் சுற்றி நடந்துவிடலாம். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தெற்குப் பக்கம், மதிலுக்கு உள்ளே, அஸ்ஃபெல்ட் தெருவில் ஒரு பெரிய கருங்கல் மாளிகை இருக்கிறது. 1725-ல் கப்பல் முதலாளி ஃபிரான்சுவா-ஒகுஸ்த் மகோன் த லா லாந்த் கட்டியது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர் இவர். நம் கடற்கரையோடு நடந்த வியாபாரத்தின் லாபமும் அந்தச் சுவரில் கலந்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயும் இதே ஊரில் பிறந்தவர்தான்.

1944 ஆகஸ்டில் குண்டும் தீயும் மதிலுக்குள் இருந்த ஊரில் பெரும்பகுதியை அழித்துவிட்டன. இந்த மாளிகை தப்பித்தது. இன்று தெருவில் நீங்கள் பார்க்கும் வீடுகளில் பல போருக்குப் பிறகு பழைய சாயலில் எழுப்பப்பட்டவை. பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது, அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் தப்பிப் பிழைத்த ஒவ்வொரு பழைய சுவருக்கும் அங்கே அத்தனை மதிப்பு.

சரி, சட்டம். இதில்தான் வீடு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்சில் நினைவுச்சின்னங்களைக் காக்க 1913-ல் வந்த சட்டத்தின்படி பாதுகாப்பில் இரண்டு படி உண்டு. மேல்படியில் வகைப்படுத்தப்பட்ட கட்டடம் என்றால், பாதுகாப்புக்குள் வரும் எந்தப் பகுதியிலும், அது உள்ளே இருக்கும் மாடிப்படியானாலும் சரி, அரசு அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது. கீழ்ப்படியில் பதிவான கட்டடத்துக்கு விதி கொஞ்சம் இளக்கம்; ஆனாலும் நாலு மாதத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அப்புறம் 1943-ல் வந்த 500 மீட்டர் விதி. உங்கள் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும், அந்தத் தொலைவுக்குள் ஒரு நினைவுச்சின்னம் கண்ணில் படுகிறது என்றால், ஜன்னல் மாற்றக்கூட அரசுக் கட்டடக் கலைஞரின் சம்மதம் வேண்டும். மதில் சூழ்ந்த ஊரில் அந்த மதிலே பெரும்பாலும் நினைவுச்சின்னம். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அந்த அதிகாரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். என் அனுபவத்தில், வேலை தொடங்கும் முன்பே போய்ப் பேசினால் அவர்தான் நல்ல கொத்தனாரைக் கைகாட்டுவார். வேலை முடிந்தபின் அவரே வந்து நின்றால் கதை வேறு.

அந்த வீட்டுக்கு வருவோம். சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். இயந்திரம் வைக்காமல் கையால்தான், கல் விளிம்பு உடையக்கூடாது என்பதற்காக. அழுகிய மரத்தை அதற்கப்பால் நல்ல மரத்திலும் ஒரு மீட்டர் சேர்த்து வெட்டிவிட்டு, பழைய ஓக் மரத்துக்குப் புது ஓக் முனை ஒட்டுப்போட்டோம். உடனே சுண்ணாம்பு பூசிவிடலாம் என்று வீட்டுக்காரர் துடித்தார். ஒரு கோடை முழுக்கச் சுவரை அம்மணமாக விட்டுவைக்கச் சொன்னேன். மதில் துளைகளைத் திறக்கத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அது வேறு சில மாதம் இழுத்தது. திறந்த அன்று முதல் துளையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வந்தது. மழையே இல்லாத வாரம் அது. மூன்றாம் நாள் சாயங்காலம்தான் சொட்டுவது நின்றது.