சிக்னலில் நிற்கும்போது கிளட்சுக்குள் என்ன நடக்கிறது?

என் தங்கை மகன் தங்கச்சிமடத்திலிருந்து தினமும் ராமநாதபுரத்துக்கு பைக்கில் வேலைக்கு வருகிறவன். போன வாரம் கேட்டான்: "மாமா, சிக்னல்ல கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே நின்னா பிளேட் தேஞ்சுடும்னு சொல்றாங்களே, நெசமா?"

கிளட்ச் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சக்கரம் மட்டும் நிற்க வேண்டும். அதை அது செய்கிற விதம்தான் எனக்குச் சலிப்பதே இல்லை.

பெரும்பாலான பைக்குகளில் வலப்பக்கக் கவரைக் கழற்றினால், ஆயிலில் நனைந்த ஒரு வட்டக் கூடை தெரியும். அது என்ஜினோடு சுற்றும். அதற்குள் உராய்வுத் தட்டு, இரும்புத் தட்டு என்று மாறிமாறி அடுக்கியிருப்பார்கள். உராய்வுத் தட்டின் வெளிப்பற்கள் கூடையில் மாட்டியிருக்கும். இரும்புத் தட்டின் உள்பற்கள் கியர்பாக்ஸுக்குப் போகும் நடுத்தண்டைப் பிடித்திருக்கும். மேலே நாலைந்து ஸ்பிரிங் மொத்த அடுக்கையும் அமுக்கி வைத்திருக்கும். ஐந்து உராய்வுத் தட்டு என்றால், இரு பக்கமும் சேர்த்து உரசும் பரப்பு பத்து. ஸ்பிரிங்கின் விசை பத்தாகப் பங்கு பிரிவதில்லை. அப்பளக் கட்டை மேலிருந்து அமுக்கினால் அடியில் இருக்கும் அப்பளத்துக்கும் அதே அமுக்கு கிடைக்கிறதே, அதுபோல ஒவ்வொரு பரப்புக்கும் முழு விசையும் கிடைக்கிறது. பிடிமானம் பத்து மடங்காகிறது! விரலால் இழுக்க முடிகிற அளவு ஸ்பிரிங்தான். ஆளையும் பின்னால் கட்டிய மீன் பெட்டியையும் சேர்த்து இழுக்கும் விசையை அது தாங்கிக்கொள்கிறது.

லிவரைப் பிடித்தால், ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டிருக்கும் மேல்தட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். பத்துப் பரப்புக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், இரண்டு தாள் கனம்தான் இடைவெளி. அதிலும் ஆயில் நிரம்பியிருக்கும். காலையில் முதல் கியர் போட்டதும் 'டக்' என்று வண்டி துள்ளுவது, கெட்டியான ஆயில் தட்டுகளைச் சேர்த்து இழுப்பதால்தான்.

ஆக, லிவரை முழுசாகப் பிடித்து நின்றால் பிளேட் தேய்வது இல்லையென்றே சொல்லலாம். தேய்ப்பது அரை கிளட்ச், அதாவது லிவரைப் பாதி விட்டுத் தட்டுகளை வழுக்க விடுவது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் கடல் பார்க்க நிற்பவர்களால் நெரிசலாகும்போது, ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரை கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பார்கள். பிளேட்டைச் சுட்டெரிக்க அது போதும்.

சரி, அப்படியானால் பிடித்தே நிற்கலாமா? எனக்குப் பயம் பிளேட்டைப் பற்றியல்ல, லிவரையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளைப் பற்றி. கியரில் நிற்கும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துப் பிடித்திருப்பவை உங்கள் விரல்களும் அந்த ஒற்றைக் கம்பியும்தான். கேபிள் அறுந்தாலோ ஈரக்கையில் லிவர் நழுவினாலோ, வண்டி ஒரு துள்ளு துள்ளித்தான் ஆஃப் ஆகும். முன்னால் ஒருவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தால்? அதுவும் நம் கடற்கரையில் உப்புக்காற்று கேபிள் உறைக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து அறுகின்றன. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறோம். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் கேபிளைப் பார்க்காமல் பழத்தை மட்டும் நம்பி ரோட்டில் இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழம் துருவைத் தடுக்காது.

அவனிடம் நான் சொன்னது இது. சிக்னலில் நின்றதும் முதல் கியரிலேயே இரு. இடக்கால் தரையில், வலக்கால் பிரேக்கில், பின்விளக்கு எரியட்டும். கண் பக்கவாட்டுக் கண்ணாடியில் இருக்கட்டும். பின்னால் வரும் பஸ் நிற்காது போலிருந்தால் ஒதுங்குவதற்கு அந்தக் கியர் வேண்டும், முன்னால் கொஞ்சம் இடமும் வேண்டும். பின்னால் இரண்டு வண்டி வந்து நின்ற அப்புறம் நியூட்ரல் போட்டுக் கையை விடு, பிரேக்கை விடாதே. பச்சைக்குச் சில விநாடி இருக்கும்போது மறுபடி கியர் போடு.

பேசி முடித்து அவன் வண்டியின் கிளட்ச் லிவர் ரப்பரை விலக்கிப் பார்த்தோம். கேபிள் முனையின் குண்டுக்குப் பக்கத்தில் மூன்று இழைகள் அறுந்து முள்ளாக நிமிர்ந்து நின்றன. அவன் தொட்டுப் பார்த்தான். விரலில் செந்துரு ஒட்டியது. அன்று சாயங்காலமே புதுக் கேபிள் மாட்டிவிட்டோம்.