சொல் விளக்கம்: கிராவல் பைக்கிங் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'கிராவல்' என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களின் நினைவுக்கு வருவது டிப்பர் லாரிதான். அனுமதி இல்லாமல் கிராவல் மண் அள்ளிய லாரி பறிமுதல் என்ற செய்தியை நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். மனையை மேடாக்கவும் சாலைக்கு அடித்தளம் போடவும் கொட்டுகிற சிவந்த மண்ணுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இலங்கையில் அதுவே 'கிரவல்'. தார் போடாத ஊர்ப்பாதை அங்கே 'கிரவல் வீதி'. அடுத்த சொல்லான 'பைக்' நம்மிடையே மோட்டார் சைக்கிளைக் குறிக்கிறது. இரண்டையும் சேர்த்து 'கிராவல் பைக்கிங்' என்று அப்படியே எழுதினால், செம்மண் ரோட்டில் புழுதி பறக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அது குறிப்பதோ தார் போடாத கல்பாதைகளில், முடிந்தவரை மோட்டார் வாகனங்களே இல்லாத இடங்களில், சைக்கிள் மிதித்துப் போவதை. சொல்லின் இரு பாதியும் தவறான பக்கம் இழுப்பதால், இதற்குத் தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஆங்கில 'கிராவல்' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'கிராவ்' என்றால் பருமணல், கல் நிறைந்த கரை. அதன் சிறுமை வடிவமே 'கிராவெல்'. அதற்கும் பின்னால் ரோமானியருக்கு முந்தைய கெல்டிக் வேர் ஒன்று இருக்கிறது. வேல்ஸ் மொழியில் இன்றும் 'குரோ' என்பது சரளையைத்தான் குறிக்கிறது. போர்தோ அருகே திராட்சை விளையும் 'கிராவ்' வட்டாரத்துக்குப் பெயர் வந்தது அதன் கல் மண்ணால். பாரிஸில் செய்ன் ஆற்றங்கரைத் திடலொன்றுக்கு 'கிரேவ்' என்று பெயர் இருந்தது. வேலை தேடுவோர் அங்கே கூடி நின்றதால், பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கே 'கிரேவ்' என்ற பெயர் வந்துவிட்டது. ஆற்றங்கரைக் கல்லில் பிறந்த சொல் தொழிற்சங்கம் வரை போயிருக்கிறது.

ஆக, மூலப்பொருள்படி கிராவல் என்பது ஆறும் கடலும் உருட்டிப் போட்ட கல். இன்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கிராவல் என்று சொல்லும் பாதைகள் பலவற்றில் அப்படிப்பட்ட கல் இல்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள அகேடியா தேசியப் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அகேடியாவின் பெரும்பகுதி, கடலிலிருந்து கருங்கல் குன்றுகள் எழுந்து நிற்கும் மவுண்ட் டெசர்ட் தீவில் இருக்கிறது. மிக உயரமான கடிலாக் மலை 466 மீட்டர். அந்தத் தீவில் மோட்டார் கார்களுக்கு இருந்த தடை 1913 முதல் தளர்ந்தது. குதிரை வண்டி ஓட்டுவதில் தேர்ந்தவரான இளைய ஜான் டி. ராக்ஃபெல்லர் அதே ஆண்டு, கார் நுழைய முடியாத பாதைகளைத் தன் செலவில் போடத் தொடங்கினார். அவருடைய குடும்பச் செல்வம் பெட்ரோலிய எண்ணெயில் வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வேலை 1940 வரை நடந்தது. பூங்காவுக்குள் மட்டும் இன்று சுமார் 72 கிலோமீட்டர் சாரட்டுப் பாதைகள் இருக்கின்றன. கல் முகப்புக் கொண்ட பாலங்கள் 17.

பாதையின் குறுக்குவெட்டைக் கவனித்தால்தான் சொல்லின் சிக்கல் விளங்கும். அகலம் ஏறக்குறைய ஐந்து மீட்டர். தீவிலேயே வெட்டிய கருங்கல்லை உடைத்து மூன்று அடுக்காகப் பரப்பியிருக்கிறார்கள். அடியில் பெரிய கல், மேலே போகப் போகப் பொடி. நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் இருப்பதால் மழைநீர் தேங்காமல் பக்கத்து ஓடைக்கு இறங்கிவிடுகிறது. பள்ளமான ஓரங்களில் காப்பாக வரிசையாக நட்ட முரட்டுக் கற்களை அங்கே 'ராக்ஃபெல்லரின் பற்கள்' என்று அழைக்கிறார்கள். குதிரை இழுக்கக்கூடிய ஏற்றமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பாதை மலையை நேராக ஏறுவதில்லை, வளைந்து வளைந்து போகிறது. அந்தக் கணக்குத்தான் இன்று சைக்கிள்காரருக்கும் உதவுகிறது. டே மலையில் உச்சி வரைக்குமே இப்படிச் சுற்றி ஏறலாம்.

பூங்கா நிர்வாகம் இவற்றை 'உடைகல் சாலைகள்' என்றே குறிப்பிடுகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இருந்து, பின்பு தார் வந்து விழுங்கிவிட்ட சாலை வகை அது. உருண்ட கல் சக்கரத்தின் அடியில் நழுவும். உடைத்த கல்லுக்குக் கூர்முனை உண்டு; அழுத்த அழுத்த ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகும். ஸ்காட்லாந்துக்காரரான மெக்காடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலைகளைத் திருத்தியது இந்தப் பண்பை நம்பித்தான்.

தமிழ் இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தைவிடத் துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கிறது. இயற்கையாகக் கிடைக்கும் சிறுகல்லும் அது கலந்த மண்ணும் சரளை. உடைத்த கல் கப்பி அல்லது ஜல்லி. மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்கிவிடும் நொய்யையும் கப்பி என்கிறோம். இரண்டிலும் உடைபட்டது என்ற கருத்து இருக்கிறது. தார் வருவதற்கு முன்பு நம் ஊர்களில் இருந்தது கப்பி ரோடு. அகேடியாவின் சாரட்டுப் பாதையை ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு விளக்க வேண்டுமானால் 'நல்ல கப்பி ரோடு, கார் விடமாட்டார்கள்' என்றால் போதும்.

பழைய சொற்களும் உண்டு. பருக்கைக் கல்லுக்குச் சங்கப் பாடல்களில் 'பரல்' என்று பெயர். சிலம்புக்குள் இடும் மணிக்கும் அதே பெயர்தான். அத்தகைய கல் நிறைந்த மேட்டு நிலம் 'முரம்பு'. 'பரல் முரம்பு' என்று பாலைத் திணைப் பாட்டில் சேர்ந்தே வருகிறது, அதுவும் நடப்பவரின் கால்விரலைச் சிதைக்கும் வழியைச் சொல்லும் இடத்தில். கல் நிறைந்த மேடான நிலம் என்பதைவிட இந்தப் பொருளுக்கு நெருக்கமான சொல் கிடைக்காது என்பதால் எனக்கு அதன்மேல் ஆசைதான். ஆனால் இன்று அகராதியைப் புரட்டாமல் முரம்பு யாருக்கும் புரியாது. அறிவிப்புப் பலகையில் எழுத முடியாத சொல் இங்கே உதவாது.

எனவே என் தேர்வு 'சரளை'. மலையாளத்தில் 'சரல்' என்று வழங்குவதும் இதுதான். சரளமாகப் பேசுகிறார் என்பதில் உள்ள சரளம் வடசொல்; அதற்கும் இதற்கும் உறவில்லை. சரளை என்றால் உருண்டதோ உடைந்ததோ, கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் தரை பொதுவாக மனதில் வந்துவிடும். பாதை உடைகல்லால் ஆனது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் கப்பிப்பாதை எனலாம்.

வண்டியைச் 'சரளைச் சைக்கிள்' எனலாம். முறையான எழுத்தில் 'சரளை மிதிவண்டி'. பந்தயச் சைக்கிளைப் போல வளைந்து தொங்கும் கைப்பிடி, ஆனால் டயர் பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டர் அகலம், காற்று குறைவாக. குறைந்த காற்றில்தான் டயர் கல்மீது துள்ளாமல் படிந்து உருளும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, அது இருந்த இடத்திலேயே சுழலும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இந்த விளையாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 2022இல் இத்தாலியின் வெனெட்டோவில் நடந்தது. பந்தயமாக இருந்தால் 'சரளைப்பாதைச் சைக்கிள் பந்தயம்', இன்பப் பயணமாக இருந்தால் 'சரளைப்பாதைச் சைக்கிள் சவாரி'. 'ஓட்டம்' என்று முடித்தால் எல்லாமே போட்டி போல ஒலிக்கிறது.

ஆங்கிலத்தில் கிராவல் பைக்கிங்கோடு ஒட்டுச்சொல்லாக வரும் 'டிராஃபிக் ஃப்ரீ' என்பதைப் 'போக்குவரத்து இல்லாத' என்று பெயர்ப்பது பிழை. அகேடியாவில் நடப்போர், சைக்கிள்கள், குதிரைகள், சாரட்டு என்று போக்குவரத்து நிறையவே உண்டு. சைக்கிள்காரர் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்பது விதி. பனி உருகிப் பாதை சேறாக இருக்கும் இளவேனில் வாரங்களில் எல்லோருக்கும் கதவு மூடப்படும். ஈரத்தில் பதியும் தடம் அந்த நடுமேட்டைக் கெடுத்துவிடும். ஆகவே 'மோட்டார் வாகனம் புகாத' என்று எழுதுவதே சரி. 'மோட்டார் இல்லாத' என்று சுருக்கிவிடக் கூடாது. மிதிக்கும்போது மட்டும் துணைசெய்யும் முதல் வகை மின்சைக்கிள்களை அங்கே அனுமதிக்கிறார்கள். அவற்றிலும் சிறு மோட்டார் இருக்கிறது. வேக வரம்பு எல்லாச் சைக்கிளுக்கும் ஒன்றுதான், மணிக்கு 20 மைல்.