தம்பிப் பாப்பா வந்தபின் அக்காவுக்கு என்ன ஆகிறது?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவம் முடிந்து, தாயும் பிள்ளையும் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். பார்க்க வருகிற உறவினர்கள் தூளியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கும் மூன்று வயதுக்காரியிடம் தவறாமல் ஒரு வேடிக்கை பேசுவார்கள்: "இனி உன் அம்மா தம்பிக்குத்தான். நீ எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாயா?" எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வயதில் கேலி புரியாது. செய்தி மட்டும் புரியும். பல மாதங்களாக நனையாத பாய் அன்றிரவு நனையும். மறுநாள் பால் புட்டி வேண்டும் என்று அடம்.

பொறாமைக்குப் பேச்சு வந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. அமெரிக்க உளவியலாளர் சிபில் ஹார்ட், ஹெதர் கேரிங்டனுடன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு மாதக் குழந்தைகளைக் கவனித்தார். தாய் ஒருமுறை புத்தகம் வாசித்தார். இன்னொருமுறை அசல் குழந்தை போன்ற பொம்மையைக் கொஞ்சினார். இரண்டு முறையும் சொந்தக் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொம்மையைக் கொஞ்சியபோதுதான் குழந்தைகள் கூடுதலாகக் கலங்கின. அம்மா கவனிக்காதது ஒரு வருத்தம். அந்தக் கவனம் இன்னொரு குழந்தைக்குப் போவது அதைவிடப் பெரிய வருத்தம்.

இதன் வேர் மனித இனத்துக்கும் முந்தையதாக இருக்கலாம். காங்கோ ஜனநாயகக் குடியரசின் காடுகளில் வாழும் பொனோபோ என்ற வாலில்லாக் குரங்குகளின் சிறுநீரைப் பரிசோதித்து, 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. தம்பியோ தங்கையோ பிறந்ததும், மூத்த குட்டிகளின் உடலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஐந்து மடங்கு உயர்ந்தது. சுமார் ஏழு மாதம் அப்படியே நீடித்தது. தாய்ப்பாலை விட்டு வெகுகாலமான பெரிய குட்டிகளிலும் இதே கதைதான். ஆகவே பசியையோ பால் மறந்ததையோ மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

எச்சரிக்கை மணி இவ்வளவு பலமாக அடிக்கிறது. அதை அடக்க வேண்டிய மூளைப்பகுதியோ இன்னும் தயாராகவில்லை. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் புறணி முழுமையாக முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகலாம். மூன்று வயதுக் குழந்தை தானாக அமைதியாவது அபூர்வம். பெரியவர் ஒருவரின் மடியும் குரலும் வேண்டும். அவள் இத்தனை நாளும் ஏறி உட்கார்ந்த மடிதான் இப்போது தடை செய்யப்பட்டிருக்கிறது. சிசேரியன் என்றால் சில வாரங்களுக்குக் கனமானதைத் தூக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். "அம்மா மேல் ஏறாதே" என்று வீடே கத்துகிறது. தையல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமா? தாய் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவளைப் பக்கவாட்டில் அணைத்துக்கொள்ளலாம். தூக்கவே தேவையில்லை.

கிள்ளுவது எப்படிப் பழக்கமாகிறது என்று பாருங்கள். தாய் பால் கொடுக்க உட்காருகிறார். மூத்தவள் பாப்பாவின் காலைக் கிள்ளுகிறாள். ஒற்றை அறை வீட்டில் ஆயா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஒரே நொடியில் அவள் பக்கம் திரும்புகிறார்கள். திட்டுதான், ஆனாலும் கவனம். காலையிலிருந்து கிடைக்காதது ஒரு கிள்ளில் கிடைத்துவிட்டது, நாளையும் கிள்ளுவாள். சத்தமில்லாமல் கையை எடுத்துவிட்டு, "பாப்பாவுக்கு வலிக்கும், இங்கே தடவு" என்று காட்டுவது நல்லது. அவள் தடவும்போது வீடு திரும்பிப் பார்க்க வேண்டும். பச்சிளம் குழந்தையோடு அவளைத் தனியே விடாதிருப்பது எப்படியும் அவசியம்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, மூத்ததை யாராவது தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள். உதவிதான். ஆனால் அந்தக் குழந்தையின் கணக்கில் அது இன்னொரு வெளியேற்றம். அவ்வப்போது இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பேன். பால் குடித்து முடித்த பாப்பா ஆயாவிடம் போகட்டும், அம்மா மூத்தவளுக்கு. பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும், செல்போன் இல்லாமல். "அப்புறம்" என்ற சொல் மூன்று வயதில் பயன்படாது. "குளித்த பிறகு" என்பது பயன்படும். காசிமேட்டில் விசைப்படகில் போகிற அப்பா பல நாள் கடலில் இருப்பார், அவரை நம்பி இந்த நேரத்தை ஒதுக்க முடியாது. கரையில் இருக்கும் நாளில் அவளைக் குளிப்பாட்டுவது அவர் வேலையாகட்டும்.

"நீ பெரியவள், விட்டுக்கொடு" என்பதைவிட நல்ல பேச்சு உண்டு. உளவியலாளர்கள் ஜூடி டன்னும் கரோல் கென்ட்ரிக்கும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களைப் பின்தொடர்ந்து, 1982இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் வாரங்களிலேயே பாப்பாவை உணர்வுள்ள ஓர் ஆளாகப் பேசிய தாய்மாரின் பிள்ளைகள், பின்னாளில் ஒருவரோடொருவர் கூடுதல் நட்பாக இருந்தார்கள். "தம்பி ஏன் அழுகிறான்? பசியா, வெளிச்சம் கண்ணில் படுகிறதா?" என்று அவளிடமே கேட்கலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரெண்டா வோலிங் 241 குடும்பங்களை ஓராண்டு கவனித்தார். பெரும்பாலான மூத்த குழந்தைகள் பெரிய பாதிப்பின்றிப் பழகிக்கொண்டதைக் கண்டார். சாப்பாடும் தூக்கமும் பல வாரங்கள் கெட்டுக் கிடந்தாலோ, அடிப்பது நாளுக்குநாள் கடுமையானாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாப்பா தவழத் தொடங்கும்போது இரண்டாம் சுற்று வரும். அதுவரை தூளியில் கிடந்தவன் இப்போது அவளுடைய சொப்புச் சாமான்களை இழுப்பான். அவளுக்கென்று ஒரு டப்பா கொடுத்து, அவன் கைக்கு எட்டாத அலமாரித் தட்டில் வைத்துவிடுங்கள். அதிலிருந்து எதையும் பகிரச் சொல்லாதீர்கள்.