நேற்று வெட்டிய மரம்

எங்கள் பக்கத்தில் ஞாபகத்தை ஓர்மை என்போம். மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் அதே சொல்தான். இங்கே நரம்பியல் மருத்துவராக இருக்கும் இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்டது, “வயசாச்சுல்லா டாக்டரே, ஓர்மை பெசகத்தான் செய்யும்” என்பதைத்தான். இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு, மூன்று வருடம் தாமதமாக வந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரப்பர் வெட்டுக்காரரை அவர் மகன் அழைத்து வந்தார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 66 வயது. சிறு வயதிலேயே கத்தி பிடித்தவர், சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம். ரப்பர் மரத்தைத் தினமும் வெட்டினால் தாங்காது. அதனால் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து இன்று ஒரு பாதி, நாளை மறுபாதி என்று வெட்டுவார்கள். இவர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே பாதியை வெட்டியிருக்கிறார். மறுபாதியில் பால் பிடிக்கும் சிரட்டைகள் காய்ந்து கிடந்திருக்கின்றன. மகன் சொன்னார்: “கையில ஒரு குறையும் இல்ல டாக்டர். வெட்டு அவ்வளவு சுத்தம். ஆனா நேத்து எந்தப் பக்கம் வெட்டினாவன்னு அவியளுக்கே தெரியல.”

நான் பாடம் எடுத்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. கத்தியை எந்தச் சரிவில் பிடிப்பது, பட்டையை எத்தனை ஆழம் சீவுவது என்ற கைப்பழக்கம் மூளையின் அடியில் உள்ள வேறு பகுதிகளிலும் சிறுமூளையிலும் இருக்கிறது. மூளை செல்களை மெல்ல மெல்ல அழிக்கிற அல்சைமர் நோய் அங்கே போய்ச் சேர நாளாகும். நேற்று நடந்ததை வாங்கி வைக்கிற இடம் வேறு. காதுக்கு உள்பக்கமாக, இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை வடிவில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ்தான் அது. கண்டது, கேட்டது எல்லாம் அதற்குள் நுழைய ஒரு வாசல் உண்டு, எண்டோரைனல் புறணி என்று பெயர். ஞாபகத்தைத் தொடுகிற அல்சைமர் பெரும்பாலும் இந்த வாசலில்தான் கால் வைக்கிறது.

1906-இல் அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட இரண்டு விஷயங்களைச் சக மருத்துவர்களிடம் விவரித்தார். ஒன்று, செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்த கசடு. அது அமிலாய்டு என்ற புரதம் என்பது பிற்பாடு தெரிந்தது. இன்னொன்று, செல்லுக்குள்ளேயே நூல் சிக்கல்போலக் கிடந்த முடிச்சுகள், டௌ என்ற புரதம். நல்ல நிலையில் டௌ, நரம்பு செல்லின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களைச் சிதையாமல் தாங்கிப் பிடிக்கிற ஒன்று. அது கழன்று சிக்கலாகும்போது முதலில் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் போகின்றன, அப்புறம்தான் செல் சாகிறது. மறதி எவ்வளவு என்பது கசடின் அளவைவிட இந்த இணைப்பு இழப்பைத்தான் நெருங்கித் தொடர்கிறது.

1991-இல் ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் 83 பேரின் மூளைகளை வெட்டிப் பார்த்து, முடிச்சுகள் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகின்றன என்று படிப்படியாக வரைந்து காட்டினார்கள். முதல் படி அந்த வாசல். அடுத்து ஹிப்போகாம்பஸ். பிறகுதான் மொழி, கணக்கு, முகம் அறிதல் எல்லாம் இருக்கிற மேல் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு. 1996-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் கலக்கமூட்டுவது. மிக லேசான மறதி மட்டுமே இருந்தவர்கள் இறந்த பிறகு பார்த்தால், அந்த வாசலின் இரண்டாம் அடுக்கில் பாதிக்கு மேல் செல்கள் ஏற்கெனவே இல்லை. அதாவது வீட்டார் கண்ணில் ‘கொஞ்சம் மறதி’ என்று படும்போதே உள்ளே பெரிய இழப்பு நடந்து முடிந்திருக்கும். அமிலாய்டு படியத் தொடங்குவதோ அதற்கும் பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்னால். நம் வெட்டுக்காரருக்கு நாற்பதுகளின் கடைசியிலேயே அது தொடங்கியிருக்கலாம்.

அந்த வாசலிலும் ஹிப்போகாம்பஸிலும் நாம் நிற்கும் இடத்தையும் போகும் வழியையும் கணக்கு வைக்கிற செல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்காக மூன்று பேருக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பழகின சந்தையிலேயே வெளியே வரும் வழி தெரியாமல் ஒருவர் நின்றார் என்றால் அதைச் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். மணம் தெரியாமல் போவதும் சிலருக்கு முன்கூட்டியே வரும், மணத்தை அறிகிற பகுதி அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால்.

வீட்டார் மனதில் பதிய வேண்டும் என்று நான் ஆசைப்படும் விஷயம் ஒன்று உண்டு. கிளினிக்கில் நான் மூன்று சொல் சொல்வேன்: வாழை, கடல், சாவி. உடனே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். ஐந்து நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டு மறுபடி கேட்பேன். வரவில்லை என்றால், “ஒண்ணு தோட்டத்துல வளர்றது” என்று எடுத்துக் கொடுப்பேன். சாதாரண வயோதிக மறதி என்றால், “ஆங், வாழை!” என்று முகம் மலரும். சரக்கு உள்ளே இருந்தது, எடுக்கத்தான் நேரமாயிற்று. ஹிப்போகாம்பஸ் பழுதானவருக்கு எடுத்துக் கொடுத்தும் வராது. சிலர், “நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே” என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் பதியவே இல்லை. எழுதாத பக்கத்தைப் புரட்டிப் பார்த்து என்ன கிடைக்கும்? அதனால்தான், “இப்பத்தானே சொன்னேன், ஓர்மை இல்லியா?” என்று அதட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்லவே இல்லை. திட்டினது ஏன் என்பதுகூட மறந்துபோகும், மனசு நொந்தது மட்டும் நிற்கும்.

பழசு எப்படி நிற்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். என்னிடம் வந்த 84 வயது அம்மா ஒருவருக்குக் காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை. ஆனால் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று திருவிதாங்கூர் காலத்து நாணயக் கணக்கைப் பிசகாமல் சொன்னார். “இவ்வளவு ஓர்மை இருக்கே, இவியளுக்கு என்ன நோய்?” என்று மகள் நம்ப மறுத்தார். பல வருடம் திரும்பத் திரும்பப் புழங்கிய நினைவு மெல்ல மேல் புறணியில் பரவி வேர் பிடித்துவிடும். அதற்கு ஹிப்போகாம்பஸின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே பழங்கதை நன்றாகச் சொல்கிறார் என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அல்சைமர் போல அறிவுத் திறனை மெல்லக் குறைக்கிற நோய்களுக்குப் பொதுப்பெயர் டிமென்ஷியா. எல்லா டிமென்ஷியாவும் மறதியில் தொடங்குவதில்லை. சிலவற்றில் நடத்தை முதலில் மாறும், சிலவற்றில் இல்லாத உருவங்கள் தெரியும். அதேபோல எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. நான் முதலில் தேடுவது சரிசெய்யக்கூடிய காரணங்களை: பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தம். இன்னொன்று மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், மூத்திரக் கட்டுப்பாட்டுக்கான சில மாத்திரைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மறிக்கின்றன. அல்சைமரில் குறைந்துபோவதும் அதே ரசாயனம், நாங்கள் கொடுக்கும் டோனெபெசில் அதைத்தான் கொஞ்சம் கூட்டுகிறது. ஒரு பக்கம் ஊற்றி, மறுபக்கம் ஓட்டை போட்ட கதையாகிவிடும். வரும்போது வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 ஆபத்துக் காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. அதில் நம் ஊரில் நான் தினம் பார்ப்பது காது கேளாமை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு. கண்ணாடி போடக் கூசாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டதில், இரண்டு மொழி பேசுவோருக்கு அறிகுறிகள் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தன, எழுதப்படிக்கத் தெரியாதவர்களிலும்கூட. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுகிற எங்கள் ஊருக்கு இது நல்ல செய்தி. மூளைக்குள் மாற்றம் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, தாங்கும் சக்தி கூடுதல்.

வெட்டுக்காரருக்கு ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. பி12-வும் குறைவு. அதை ஈடுகட்டினோம், ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம், மாத்திரை தொடங்கினோம். நோயைத் திருப்பியனுப்பும் மருந்து என் கையில் இல்லை என்பதையும் மகனிடம் மறைக்கவில்லை. வெட்டு வேலையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், தனியாக மட்டும் விடாதீர்கள் என்றேன். மிச்ச வழியை அவர் மனைவியே கண்டுபிடித்தார். தோட்டத்தின் ஒரு பாதி மரங்களில் சிவப்பு வளையமும் மறுபாதியில் நீல வளையமும் வர்ணம் அடிக்க வைத்தார். விடியுமுன் கட்டன்சாயா கொடுத்துவிட்டு, அன்றைய நிறத்தில் ஒரு துணிக்கிழிசலை அவர் மணிக்கட்டில் கட்டி, விளக்கை எடுத்துக்கொண்டு கூடவே நடக்கிறார். ஒவ்வொரு மரத்தடியிலும் வெட்டுக்காரர் தன் கையைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, அப்புறம் கத்தியை வைக்கிறார். வெட்டு இன்னும் சுத்தம்தான் என்று போன மாதமும் மகன் சொன்னார்.