இரட்டையரில் ஒருவரின் இதயம்

உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தைத் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. சுருங்கும்போது தசையே தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை நசுக்கிவிடுகிறது. துடிப்பு வேகமாகும்போது முதலில் குறைவது இந்தத் தளரும் நேரம்தான். அதாவது வேலை கூடும்போது சாப்பாட்டு நேரம் சுருங்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற தசைகள் ஓய்வில் இருக்கும்போது ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். தேவைப்பட்டால் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இதயமோ ஓய்விலேயே சுமார் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. நல்ல ஆரோக்கியமான இதயத்தில் ரத்த ஓட்டம் மூன்று நான்கு மடங்கு வரை உயரும். இதை இதயத்தின் ரத்தக் கையிருப்பு என்று சொல்லலாம்.

பழைய பயங்கரம் ஒன்று மனதை விட்டுப் போகாமல் இருந்தால் இந்தக் கையிருப்பு கரையுமா?

போர், விபத்து, வன்முறை போன்றவற்றைக் கடந்து வந்த சிலரை அந்த நினைவு விடாமல் துரத்தும். கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்திருப்பது என்று நீளும் இந்த நிலைக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி., என்று பெயர். இந்தப் பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. ஆனால் 1871-லேயே ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்கள் பலர் நெஞ்சுவலியும் படபடப்புமாக வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். இதயத்தில் கோளாறு எதுவும் அவருக்குத் தட்டுப்படவில்லை. காதையும் கையையும் நம்பியிருந்த காலத்தில் ரத்த ஓட்டத்தை அளப்பது எப்படி?

அந்த அளவீட்டை அழகாகச் செய்து காட்டியது அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வயோலா வக்காரினோவின் குழு. ஆய்வு 2013-இல் வெளியானது. வியட்நாம் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டைச் சகோதரர்கள் 562 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் யாருக்கும் இதயத் தமனி நோய், அதாவது இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்களில் வரும் நோய், இல்லை. ஏன் இரட்டையர்? ஒரே கருவறை, ஒரே வீடு, மரபணுவிலும் பாதியோ முழுவதுமோ ஒன்று. ஒருவருக்கு பி.டி.எஸ்.டி. வந்து மற்றவருக்கு வராமல் இருந்தால், “பரம்பரைதான் காரணம்” என்று எளிதில் தள்ளிவிட முடியாது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சுமார் 13 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் வந்திருந்தது. இல்லாதவர்களில் 8.9 சதவீதம். புகை, குடி, மனச்சோர்வு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் ஆபத்து இரு மடங்குக்கு மேல் நின்றது.

சரி, வாய்மொழியையும் மருத்துவமனைப் பதிவையும் விடுங்கள். ஆய்வுக் குழு ஸ்கேனும் எடுத்தது. கதிரியக்க நைட்ரஜன் கலந்த அம்மோனியாவைச் சிறிதளவு ரத்தத்தில் செலுத்தினால், ரத்தம் நன்றாகப் பாயும் தசை அதை உறிஞ்சி ஒளிரும். பாயாத இடம் மங்கும். ஓய்வில் ஒரு படம். அப்புறம் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்து இன்னொரு படம். மருந்து கொடுத்தபோது தெரிந்த ரத்தக் குறைபாட்டின் அளவு, பி.டி.எஸ்.டி. இருந்தவர்களிடம் கிட்டத்தட்ட இரு மடங்கு. ரத்தக் கையிருப்பும் குறைவு. சகோதரர்களில் ஒருவருக்கு மட்டும் கோளாறு இருந்த 117 ஜோடிகளைத் தனியே ஒப்பிட்டபோதும் வேறுபாடு பெரிதாகக் குறையவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது யாரும் அவர்களுக்குப் போரை நினைவுபடுத்தவில்லை. படுத்திருந்தார்கள், மருந்து நேராகக் குழாய்க்குப் போனது. அப்படியும் போதிய அளவு விரியவில்லை என்றால், பாதிப்பு குழாய்ச் சுவர் வரை இறங்கியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இறங்கும் பாதைகள் சில தெரிந்தவையே. ஆபத்து என்று மூளை கருதும்போதெல்லாம் அட்ரினலின், நார்அட்ரினலின் சுரந்து துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத்தான் குழாயைத் தளர்த்துகிறது. ஓயாத அழுத்தமும் அழற்சியும் அந்தச் சுவரைப் பழுதாக்குகின்றன. 2017-இல் பாஸ்டனில் 293 பேரிடம் நடந்த ஆய்வில், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி அதிகமாக இயங்கியவர்களுக்கு, அழற்சிக்குக் காரணமான ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் செயல்பாடும் தமனி அழற்சியும் கூடியிருந்தன. பின்னாளில் இதயநோயும் பக்கவாதமும் அவர்களுக்கே அதிகம் வந்தன.

வீரர்களுக்கு மட்டும்தான் இது என்றும் இல்லை. அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 50,000 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்விலும், பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் நிறைய இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுதலாகவே இருந்தது.

இரவையும் மறந்துவிடக் கூடாது. நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும், துடிப்பு மெதுவாகும், இதயம் தளர்ந்து ரத்தம் வாங்கும் நேரம் நீளும். கனவில் அலறி எழுந்து, விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரமும் கிடைப்பதில்லை.