சில மணி நேரம் நினைவு போனால் அது பக்கவாதமா?

அறுபது வயதை ஒட்டிய ஒருவர் திடீரென்று, "நான் எப்போது இங்கே வந்தேன்?" என்று கேட்கிறார். பதில் சொன்னால் தலையாட்டுகிறார். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வியை அதே குரலில் கேட்கிறார். தன் பெயர் தெரிகிறது, வீட்டாரை அடையாளம் காண்கிறார், கைகால் ஒழுங்காக இயங்குகின்றன, பேச்சு குழறவில்லை. புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் நாலைந்து மணி நேரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அவர் பழையபடி ஆகிவிடுகிறார். இடையில் நடந்தவை மட்டும் நினைவுக்கு வருவதே இல்லை.

1958-இல் ஃபிஷர், ஆடம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'ட்ரான்சியன்ட் குளோபல் அம்னீசியா' (தற்காலிக முழு மறதி) என்று பெயர் வைத்தார்கள். மூளையில் எது திடீரென்று கெட்டாலும் மருத்துவருக்கு முதல் சந்தேகம் ரத்தக்குழாய் மேல்தான் வரும். ஸ்கேனும் அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போடுகிறது. நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸில், எம்.ஆர்.ஐ. படத்தில் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு வெண்புள்ளிகள் தெரிகின்றன. புதிய பக்கவாதமும் அப்படித்தான் மின்னும். ஆனால் பக்கவாதப் புள்ளி சீக்கிரமே தென்பட்டு, பிறகு தழும்பாக நின்றுவிடும். மறதிப் புள்ளியோ ஒன்றிரண்டு நாள் கழித்து, நினைவெல்லாம் திரும்பிய பிறகுதான் நன்றாகத் தெரிகிறது. பிறகு சுவடின்றி மறைந்துவிடுகிறது.

ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம் என்றால், அடைப்புக்கு வழிவிடும் சங்கதிகள் இந்த நோயாளிகளிடம் மிகுந்திருக்க வேண்டும்: உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சீரற்ற இதயத்துடிப்பு. தற்காலிகப் பக்கவாதம் வந்தவர்களோடு ஒப்பிட்டபோது, மறதி வந்தவர்களிடம் இவை குறைவாகவே காணப்பட்டன. 114 நோயாளிகளை ஆராய்ந்து ஹாட்ஜஸ், வார்லோ இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, ரத்தக்குழாய் கோட்பாட்டுக்குப் பெரிய அடி கொடுத்தது. அதில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள்தான் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தார்கள்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கவாத நோயாளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யார்தான் ஆரோக்கியமாகத் தெரியமாட்டார்கள்? அதே வயதுள்ள நலமானவர்களோடும் ஒப்பிட வேண்டும். அங்கே முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மறதி வந்தவர்களிடம் கொழுப்பும் ரத்த அழுத்தமும் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில இல்லை என்கின்றன. மருத்துவமனைக்கு வந்தவருக்கு எல்லாப் பரிசோதனையும் நடக்கும், வீட்டில் இருப்பவருக்கு நடக்காது. மிரண்டுபோன நிலையில் எடுக்கும் அழுத்த அளவும் எகிறித்தான் இருக்கும். அதனால் இந்தக் 'கூடுதலை' நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

இவற்றைவிட வலுவான சாட்சி, பின்னால் நடப்பது. தற்காலிகப் பக்கவாதத்துக்கு அடுத்த சில நாட்கள் ஆபத்தானவை, முழுப் பக்கவாதம் அப்போதுதான் தாக்கக்கூடும். இந்த மறதிக்குப் பிறகு அப்படியொரு அலை வருவதில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்படியானால் குற்றவாளி யார்? குளிர்ந்த நீரில் இறங்குவது, கடும் உழைப்பு, உடலுறவு, பேரதிர்ச்சி போன்றவற்றை அடுத்து இது வருவதுண்டு. மூச்சை அடக்கி முக்கும்போது கழுத்துச் சிரையில் ரத்தம் பின்னோக்கிப் போய் மூளையில் தேங்குகிறது என்பது ஒரு கருத்து. சிரை வால்வு சரியாக மூடாதவர்கள் இவர்களிடையே அதிகம்தான், ஆனால் மூளைக்குள் ரத்தம் தேங்கியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஒற்றைத் தலைவலியில் போல நரம்பணுக்கள் வரிசையாகச் செயலடங்கும் அலை ஒன்று ஹிப்போகேம்பஸைக் கடக்கிறது என்பது இன்னொரு கருத்து. அங்குள்ள சிஏ1 என்ற பகுதியின் அணுக்கள் சிறு நெருக்கடியையும் தாங்காதவை என்பதால், இரண்டுமே நடக்கக்கூடியவைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மூளையின் பின்புற ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, மறதி மட்டுமே அறிகுறியாக வரும் பக்கவாதம் அரிதாக உண்டு. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் மரத்துப்போதல் ஏதாவது சேர்ந்தால் பக்கவாதம் என்றே கருத வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, விழித்தெழும்போது மீண்டும் மீண்டும் வருகிற மறதி என்றால் வலிப்பு நோயைத் தேட வேண்டும். பரிசோதனைகளில் வெறும் தற்காலிக மறதிதான் என்று தெளிவானால், அதற்கென்று மாத்திரை எதுவும் கிடையாது. தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மருந்து தொடரும்.