லெவல் ஷிஃப்டர்: ‘நிலைமாற்றி’ அல்ல, மட்டப்பெயர்ப்பி

வெவ்வேறு வோல்ட்டில் இயங்கும் இரண்டு மின்னணுக் கருவிகளை இணைக்கும் லெவல் ஷிஃப்டரை ‘நிலைமாற்றி’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். யூடியூப் பாடம், பயிற்சிக் குறிப்பு என்று எங்கே பார்த்தாலும் இந்தச் சொல்தான்.

டிஜிட்டல் கருவிகள் பேசிக்கொள்வது 0, 1 என்ற குறிகளில். ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகைக்கு 1 என்றால் 5 வோல்ட். ஈஎஸ்பி32 என்ற வைஃபை சில்லுக்கும் எஸ்டி கார்டுக்கும் 3.3 வோல்ட். ஊனோவின் 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். அதனால் நடுவில் ஒரு லெவல் ஷிஃப்டர். லெவல் என்பதன் மூலம் லத்தீனின் ‘லிபெல்லா’: சிறு தராசு, மட்டம் பார்க்கும் கருவி. ஷிஃப்ட் என்றால் இடம்பெயர்த்தல்.

இதில் ‘நிலை’ எங்கிருந்து வந்தது? டிஜிட்டல் மின்னணுவியலில் நிலை என்றால் 0 அல்லது 1. அதை மாற்றுவது, அதாவது 1-ஐ 0 ஆகவும் 0-ஐ 1 ஆகவும் திருப்புவது, நாட் கேட்டின் வேலை. லெவல் ஷிஃப்டரோ நிலை மாறாமல் காப்பதற்கென்றே இருப்பது. 1997-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹெர்மன் ஷுட்டே எழுதிய குறிப்பில் உள்ள சுற்றையே பாருங்கள். தடத்துக்கு ஒரு மாஸ்ஃபெட், அதாவது சுவிட்சுபோல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்; இன்று கடையில் வாங்கும் சிறு பலகையில் அது பெரும்பாலும் பிஎஸ்எஸ்138 என்ற வகை. அதன் மூன்று கால்களில் கேட் 3.3 வோல்ட்டில், சோர்ஸ் தாழ்ந்த (3.3 வோல்ட்) பக்கம், டிரெயின் உயர்ந்த (5 வோல்ட்) பக்கம். இரு பக்கமும் ஒவ்வொரு 10 கிலோ ஓம் புல்-அப், அதாவது தடத்தை அந்தப் பக்கத்து வோல்ட்டுக்கு மேலே இழுத்து வைக்கும் மின்தடை. தாழ்ந்த பக்கத்தை 0-க்கு இழுத்தால் மாஸ்ஃபெட் மின்சாரத்துக்கு வழிதிறந்து மறுபக்கத்தையும் 0 ஆக்கும். விட்டுவிட்டால் மூடிக்கொள்ளும், அந்தந்தப் பக்கத்தை அதனதன் புல்-அப் 3.3-க்கும் 5-க்கும் ஏற்றிவிடும். 0 போனால் 0, 1 போனால் 1. இதற்கு ‘நிலைமாற்றி’ என்று பெயர் வைத்தால், படிக்கிற பிள்ளை 1 கொடுத்து 0 வருமென்று காத்திருக்கும்.

‘மின்னழுத்த மாற்றி’ என்பவர்களும் உண்டு. அதைக் கேட்டால் மின்சாரம் வழங்கும் கருவி என்றுதான் தோன்றும். 5 வோல்ட்டில் 10 கிலோ ஓம் வழியே அதிகபட்சம் அரை மில்லியாம்பியர்தான் வரும். வைஃபை ஓடும்போது ஈஎஸ்பி32 கேட்பதோ நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர்.

மட்டம் என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. நீர்மட்டம், கடல்மட்டம், கொத்தனார் கையிலுள்ள ரசமட்டம் எல்லாம் லெவல்தானே? ‘மட்டமான சரக்கு’ நினைவுக்கு வரும் என்கிறார்கள். நீர்மட்டம் என்றால் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே! பெயர்ப்பு என்பதும் சரியாகப் பொருந்தும்: மொழிபெயர்ப்பில் பொருள் அப்படியே இருக்க மொழி மாறுகிறது, இங்கே 1 அப்படியே இருக்க வோல்ட் மாறுகிறது. அகராதியில் லெவலுக்கு நேரே முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் சுற்றுப்படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும். இலங்கைப் பாடநூல்கள் லாஜிக் கேட்டுக்குத் தர்க்கப் படலை (படலை என்றால் வீட்டு வெளிவாசல் கதவு) என்று வீட்டு வாசலிலிருந்தே சொல் எடுத்திருக்கின்றன. அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.

முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் தருக்க மட்டப்பெயர்ப்பி. மற்ற இடங்களில் மட்டப்பெயர்ப்பி. பிஎஸ்எஸ்138 பலகையை ‘நான்கு தட இருதிசை மட்டப்பெயர்ப்பி’ என்று எழுதலாம்.